வேலைமேசைக்கு விரிப்புத் தெரிவு செய்தல்

வினா: கிற்றார் செய்பவர் தமது வேலைமேசையின் மேல் இடுவதற்குப் பொருத்தமான விரிப்பொன்றைப் பெயரிட்டுக் காரணம் தருக.

"மென்மையானது" என்று மட்டும் எழுதுவோர் பலர். அது பாதி விடையே. பெயரை அடுத்து "ஏனெனில்" எனத் தொடங்கி இரண்டு காரணங்களாவது எழுதுக.

முதலில் எதைப் பாதுகாக்கிறோம் எனப் பாருங்கள். தஞ்சாவூர் வீணை பலாமரத்தில் குடையப்படுவது. ஓரளவு அடி தாங்கும். கிற்றாரின் மேற்பலகையோ பெரும்பாலும் ஸ்புறூஸ் என்னும் மென்மரம். தடிப்பு ஏறத்தாழ 3 மில்லிமீற்றர். நகத்தால் அழுத்தினாலே தடம் விழும். அடியில் ஒரு மரச்சீவல் கிடந்தால் போதும், பள்ளமாகிவிடும்.

ஆகவே விரிப்பு மென்மையாக இருப்பதுடன் இலகுவில் சுத்தம் செய்யக்கூடியதாகவும் இருத்தல் வேண்டும். தரைக்கம்பளம் மென்மையானதுதான், ஆயினும் சீவலும் மெட்டுக்கம்பித் தூளும் அதன் இழைகளுக்குள் ஒளிந்துகொள்ளும். மெல்லிய தக்கைத்தாள் சிறந்தது: அமுங்கும், வழுக்காது, துடைத்தால் சுத்தமாகும். இறப்பர், பீ.வீ.சீ. விரிப்புகளில் கவனம்! நைத்திரோசெலுலோசு மெருகு பூசிய கருவி அவற்றின் மேல் நெடுநேரம் கிடந்தால் மெருகு இளகி ஒட்டும், அல்லது நிறம் மாறும்.

தக்கை கிடைக்காவிட்டால் வீட்டிலுள்ள பழைய கம்பளியை மடித்து விரிக்கலாம். ஒவ்வொரு முறையும் வெளியே கொண்டுபோய் உதறுங்கள். தலவாக்கலை மழைக்கு அது ஈரம் பிடிக்கும். ஈரக் கம்பளியில் கிடக்கும் பலகை நீரை உறிஞ்சி உப்பி வளையும்.