எந்தப் பதிப்பு?



சில ஆண்டுகளுக்கு முன், முதுகலை இறுதியாண்டில் இருந்த நம் சங்கத்து நண்பர் ஒருவர் ஓர் இரவு என் அறைக் கதவைத் தட்டினார். கையில் மடிக்கணிப்பொறி, முகத்தில் கலவரம். மறுநாள் காலை பத்து மணிக்கு அவர் தம் ஆய்வை ஆசிரியர் குழுவின் முன் விளக்க வேண்டும். ஏட்டில் அச்சிட்டிருந்த முடிவுகள் துறையின் கணிப்பொறியில் கிடைத்தவை. அதே நிரலை, அதே தரவுகளைக் கொண்டு, தம் சொந்தக் கணிப்பொறியில் ஓட்டிப் பார்த்திருக்கிறார். முடிவு வேறாக வந்துவிட்டது. நூற்றுக்கு மூன்று நான்கு கூடுதலாகவே சரியான விடை கிடைத்தது.

“கூடினால் நல்லதுதானே?” என்றேன்.

“இரண்டில் எதை நம்புவது என்று கேட்டால் என்ன சொல்வேன்?” என்றார்.

நிரலை வரிவரியாக ஒப்பிட்டோம். ஓர் எழுத்தும் மாறவில்லை. தற்செயல் எண்களின் தொடக்க விதையையும் அவர் முன்னமே கட்டிவைத்திருந்தார். நள்ளிரவு கடந்த பிறகே, முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி எங்களுக்குத் தோன்றியது. இரண்டு கணிப்பொறியிலும் உள்ள சைக்கிட்-லேர்ன் தொகுப்பு எந்தப் பதிப்பு?

விடுதியிலிருந்தே துறைக் கணிப்பொறியோடு தொடர்பு கொண்டு கேட்டோம். அங்கே 0.20.3, இங்கே 1.0.2. முடிச்சு அவிழ்ந்தது. நண்பர் பயன்படுத்தியது ‘ரேண்டம் ஃபாரஸ்ட்’ என்னும் முறை. பல தீர்வு மரங்களை வளர்த்து, அவற்றின் வாக்கைத் திரட்டி விடை சொல்லும் முறை அது. எத்தனை மரங்கள் வேண்டும் என்று நாம் சொல்லாவிட்டால் பழைய பதிப்பு பத்து மரங்களை வளர்க்கும். 2019 டிசம்பரில் வந்த 0.22 பதிப்பு முதல் அந்த எண் நூறு ஆயிற்று. நண்பர் எண்ணிக்கையைக் குறிக்கவே இல்லை. ஆதலின் ஒரே நிரல் ஓரிடத்தில் பத்து மரங்களையும் மற்றோரிடத்தில் நூறு மரங்களையும் வளர்த்தது. இதில் வேடிக்கை என்னவென்றால், 0.20 பதிப்பு ஒவ்வொரு முறையும் “இந்த எண் மாறப்போகிறது” என்று திரையில் எச்சரித்துக்கொண்டே இருந்திருக்கிறது. சிவப்பு எழுத்தைக் கண்டு சலித்து, எச்சரிக்கைகளை மறைக்கும் கட்டளையை நிரலின் தலையில் எழுதி வைத்தவரும் நண்பரே!

தமிழ் படிப்போர்க்கு இது புதிய பாடம் அன்று. ஒரு பாடலை மேற்கோள் காட்டினால் யாருடைய பதிப்பு, எந்த ஆண்டுப் பதிப்பு என்று குறிக்கிறோம். பாடம் பதிப்புக்குப் பதிப்பு வேறுபடும் என்பது நமக்குத் தெரியும். மென்பொருளிலோ பலர் பெயரை மட்டும் சொல்லி நிறுத்திவிடுகின்றனர்.

பதிப்பெண்ணைப் படிப்பது எப்படி? பெரும்பாலும் புள்ளியிட்ட மூன்று எண்கள் இருக்கும். முதல் எண் மாறினால் பழைய நிரல்கள் ஓடாமல் போகலாம். நடு எண் மாறினால் புதிய வசதிகள். கடைசி எண் மாறினால் பிழைதிருத்தம் மட்டும். இது வழக்கமேயன்றிச் சட்டம் அன்று. மேலே கண்ட மாற்றம் நடு எண்ணில்தான் நிகழ்ந்தது. இன்னொன்றையும் நினைவிற் கொள்க: இவை தசம எண்கள் அல்ல. பைத்தான் 3.10 என்பது 3.9க்குப் பின் வந்தது. பள்ளிக் கணக்கை நம்பி 3.10ஐ 3.1 என்று படித்தால் பத்தாண்டுக்கு மேல் பின்னே போய்விடுவோம்.

இனி, கேட்கும் வழி. பைத்தான் பயில்வோர் கட்டளைத் திரையில் ‘பிப் ஷோ’ என்று தட்டி, ஓர் இடம் விட்டுத் தொகுப்பின் பெயரைத் தட்டலாம். பதிப்பும் அது நிறுவப்பட்டுள்ள இடமும் தெரியும். ‘பிப் லிஸ்ட்’ என்றால் எல்லாத் தொகுப்புகளும் வரிசையாக வரும். நிரலின் உள்ளிருந்தே கேட்கவும் வழி உண்டு. தொகுப்பின் பெயர், ஒரு புள்ளி, இரண்டு அடிக்கோடு, ‘வெர்ஷன்’ என்னும் சொல், மீண்டும் இரண்டு அடிக்கோடு. நிறுவும்போது ‘சைக்கிட்-லேர்ன்’ என்று எழுதும் தொகுப்பை நிரலில் ‘எஸ்கேலேர்ன்’ என்று அழைக்க வேண்டும் என்பதையும் மறவாதீர். இந்தப் பெயர் மாற்றம் பலரை அலைக்கழித்திருக்கிறது. சமூகவியலும் பொருளியலும் படிப்போர் பெரிதும் ஆளும் ஆர் மொழியில் ‘பேக்கேஜ்வெர்ஷன்’ ஒரு தொகுப்பின் பதிப்பைச் சொல்லும். ‘செஷன்இன்ஃபோ’ அப்போது ஏற்றப்பட்டுள்ள அனைத்தையும் சொல்லும்.

கேட்பது எளிது. யாரைக் கேட்கிறோம் என்பதில்தான் தடுமாற்றம். ஒரே கணிப்பொறியில் இரண்டு மூன்று பைத்தான்கள் குடியிருக்கும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் தொகுப்புகள். திரையில் நீங்கள் கேட்ட பிப் ஒரு பைத்தானுடையதாகவும், ஜுப்பிட்டரில் ஓடும் நிரல் வேறொரு பைத்தானுடையதாகவும் இருக்கலாம். எனவே, ‘பைத்தான்’ என்று தொடங்கி, ஒரு சிறு கோடும் ‘எம்’ எழுத்தும் இட்டு, அதன்பின் ‘பிப் ஷோ’ எழுதுக. அப்போது அந்தப் பைத்தானுக்கு உரிய பிப்தான் விடை சொல்லும். ஜுப்பிட்டரில் ஐயம் எழுந்தால் ‘சிஸ்’ பகுதியின் ‘எக்ஸிக்யூட்டபிள்’ எது என்று அங்கேயே கேட்டுப் பார்க்கலாம். தொகுப்பைப் புதுப்பித்த பின்னும் பழைய எண்ணே தெரிகிறதா? ஓடிக்கொண்டிருக்கும் நிரல் முன்பு ஏற்றிய பதிப்பையே நினைவில் வைத்திருக்கும். அதை நிறுத்தி மீண்டும் தொடங்க வேண்டும்.

டெபியன், உபுண்டு வைத்திருப்போர் ‘ஆப்ட் பாலிசி’ என்று கேட்டால் நிறுவப்பட்டுள்ள பதிப்பும், இனி நிறுவக்கூடிய பதிப்பும் அடுத்தடுத்து வரும். இங்கே எண்ணின் வாலையும் படிக்க வேண்டும். 2014 ஏப்ரலில் ஓப்பன்எஸ்எஸ்எல் மென்பொருளில் ‘ஹார்ட்பிளீட்’ என்னும் ஓட்டை வெளிப்பட்டது. 1.0.1 முதல் 1.0.1எஃப் வரை பழுது, 1.0.1ஜி திருந்தியது. ஆனால் டெபியனார் புதிய பதிப்புக்குத் தாவாமல், தம்மிடம் இருந்த 1.0.1இ பதிப்பிலேயே ஓட்டையை அடைத்து, வாலில் ஓர் எண்ணை மட்டும் கூட்டினர். மென்பொருளிடமே கேட்டவர்க்கு 1.0.1இ என்ற விடை வந்தது. தம் கணிப்பொறி பழுதுற்றதென்றே அவர்கள் எண்ணியிருப்பர். தொகுப்பு ஏட்டைக் கேட்டவர்க்கு வாலும் சேர்ந்து தெரிந்தது.

2024இல் நடந்ததோ இன்னும் அச்சம் தருவது. எக்ஸ்இசட் என்னும் சுருக்கும் கருவியின் 5.6.0, 5.6.1 ஆகிய இரு பதிப்புகளில் யாரோ திட்டமிட்டுக் கள்ளவழி ஒன்றைப் புகுத்தியிருந்தனர். தொலைவிலிருந்து உள்நுழைவது அரை நொடி தாமதமாவதைக் கவனித்துத் துருவிய ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்னும் பொறியாளர் மார்ச் 29 அன்று அதை உலகுக்கு அறிவித்தார். அன்று எல்லோரும் கேட்ட முதற்கேள்வி, என் கணிப்பொறியில் எந்தப் பதிப்பு என்பதே. ஐயத்துக்குரிய கருவியையே ஓட்டி, “நீ யார்?” என்று கேட்பது திருடனிடமே அவன் பெயரைக் கேட்பது போல. அத்தகைய வேளையில் தொகுப்பு ஏட்டைக் கேட்பதே தக்கது.

நண்பரின் கதைக்கு வருவோம். மரங்களின் எண்ணிக்கையைப் பத்து என்று நிரலில் எழுதியதும் இரண்டு கணிப்பொறிகளின் முடிவுகளும் ஏறத்தாழ ஒன்றாயின. நூறு என்று எழுதி மீண்டும் ஓட்டினோம். அப்போதும் ஒத்து வந்தன. ‘பிப் ஃப்ரீஸ்’ என்னும் கட்டளையால் தொகுப்புகளின் பட்டியலைப் பதிப்பெண்களோடு ஒரு கோப்பில் எடுத்துக்கொண்டோம். ஏடு ஏற்கெனவே கட்டடமாகிவிட்டது. இனிப் பக்கம் சேர்க்க வழியில்லை. விடியற்காலையில் அந்தப் பட்டியலையும் இரண்டு முடிவுகளையும் ஒரு தாளில் அச்சிட்டு, மூன்று படிகளின் கடைசிப் பக்கத்திலும் பசை தடவி ஒட்டினார். குழுவில் ஒருவர் ஏட்டைப் புரட்டி, முதலில் நிறுத்தியது அந்த ஒட்டுத்தாளில்தான்.