ப்ரோகிராம் பொத்துன்னு விழுந்தா என்ன பண்ணணும்?

சி-ல எழுதின ப்ரோகிராம் ஓடிட்டிருக்கும்போதே செத்துப்போச்சுன்னா, நீ உடனே கோடைத் திறந்து அங்கங்கே ப்ரிண்ட்எஃப் போட ஆரம்பிச்சுடுற. அதுக்கு முன்னாடி டெர்மினல்ல எக்கோ, டாலர், கேள்விக்குறி அடிச்சுப் பாரு தங்கம். லினக்ஸ்ல சிக்னல் அடிச்சு செத்த ப்ரோகிராமுக்கு பாஷ், 128-ஓட அந்த சிக்னல் நம்பரைக் கூட்டிக் காட்டும். 134-னா சிக்னல் 6, அதாவது அபார்ட்: அசர்ட் தோத்திருக்கலாம், ஹீப் கெட்டுப்போனதை மேலாக் கண்டுபிடிச்சிருக்கலாம், சி++-ல பிடிக்க ஆளில்லாத எக்ஸெப்ஷனா இருக்கலாம். 139-னா 11, செக்மென்டேஷன் ஃபால்ட். 137-னா 9, யாரோ வெளியில இருந்து கொன்னிருக்காங்க. பல சமயம் அது மெமரி தீர்ந்துபோய் கெர்னல் அனுப்பின ஓஓஎம் கில்லர்தான். டிமெஸ்ஜி-ல தேடினா ப்ரோகிராம் பேரோட எழுதியிருக்கும்.

லாக்ல கடைசி வரி இல்லைன்னா, ஓட்டம் அதுவரைக்கும் வரலைன்னு முடிவு கட்டாதே. அவுட்புட்டை ஃபைலுக்குத் திருப்பிவிட்டா, பஃபர் நிரம்புற வரைக்கும் வரிகள் உள்ளேயே கிடக்கும். எக்ஸிட் வழியாப் போனா அதையெல்லாம் எழுதி முடிச்சுட்டுப் போகும். அபார்ட் அப்படிச் செய்யாது. முன்னெல்லாம் ஜிலிப்சி-ல செய்துட்டுதான் இருந்துச்சு. அதுவே சில நேரம் டெட்லாக்குல கொண்டு போய் விட்டதால 2018-ல வந்த 2.27-ல எடுத்துட்டாங்க. அட்எக்ஸிட்-ல பதிஞ்சு வச்ச ஃபங்ஷனும் ஓடாது. அதனால துப்பு தேடப் போடுற மெசேஜை எஸ்டிடிஎர்ர்-க்கு அனுப்பு, அதுக்கு பஃபரே கிடையாது.

இப்போ சிக்னல் ஹேண்ட்லர். அதுக்குள்ள ஜேசான் லாக் எழுதி, டேட்டாபேஸை மூடி, மெயிலும் அனுப்பலாம்னு ஆசை வரும். வேண்டாம். மேலாக் தன் லாக்கை, அதாவது பூட்டை, பிடிச்சுக்கிட்டு இருக்கும்போதே செக்ஃபால்ட் வருதுன்னு வச்சுக்கோ. ஹேண்ட்லர் ப்ரிண்ட்எஃப்-ஐக் கூப்பிடும், அது மேலாக்-ஐக் கூப்பிடலாம், அந்த மேலாக் அதே லாக்குக்காகக் காத்துக் கிடக்கும். சாவியை உள்ளே வச்சுப் பூட்டிட்டு வாசல்ல நின்னு கதவைத் தட்டுற கதைதான். டாப்-ல பார்த்தா ப்ராசஸ் இருக்கும், சிபியு 0%. செத்தாத்தான் திரும்பக் கிளப்பிவிடுற சிஸ்டம்டி இது உயிரோட இருக்குன்னு நம்பி சும்மா இருக்கும். என்னைக் கேட்டா கிராஷை விட இது மோசம்.

ஹேண்ட்லர்ல ரைட், ரெய்ஸ், அடிக்கோடு போட்ட எக்ஸிட் மாதிரி சிலதுதான் தாராளமாக் கூப்பிடலாம். முழுப் பட்டியல் சிக்னல்-சேஃப்டி மேன் பேஜ்ல இருக்கு. பேக்ட்ரேஸ் கண்டிப்பா வேணும்னா, அந்த ஃபங்ஷனை மெயின் தொடக்கத்திலேயே ஒரு தடவை சும்மா கூப்பிட்டு வை. முதல் தடவைதான் அது லிப்ஜிசிசி-யை லோடு பண்ணும், அதுக்கு மேலாக் தேவைப்படும். ரிகர்ஷன் ஓவராகி ஸ்டாக் தீர்ந்துபோனா ஹேண்ட்லர் ஓடவே இடம் இருக்காது, அதனால சிக்ஆல்ட்ஸ்டாக்-ல தனி இடம் ஒதுக்கு, சிக்ஆக்‌ஷன்ல ஆன்ஸ்டாக் ஃப்ளாகையும் போடு. எழுத வேண்டியதை எழுதினதும் சிக்னலை டிஃபால்ட்டுக்கு மாத்தி அதே சிக்னலை ரெய்ஸ் பண்ணு. சட்டுனு எக்ஸிட் 1-னு கிளம்பிட்டா கோர் டம்ப் விழாது. வெய்ட்பிட்-ல காத்திருக்கிற பேரண்ட்டுக்கும் இது கிராஷ்னே தெரியாது.

நீ எழுதுறது லைப்ரரின்னா ஹேண்ட்லர் பக்கமே போகாதே, அது மெயின் எழுதுறவங்க பாடு. ஃபைல் கிடைக்கலைங்கிறதுக்கெல்லாம் அபார்ட் கூப்பிடவும் கூடாது. எர்ரரைத் திருப்பிக் கொடு. உன் சொந்த டேட்டாவே கெட்டுப்போச்சுன்னு தெரிஞ்சா அப்போ அபார்ட் பண்ணு, அதுல கூச்சமே வேண்டாம்.

கோர் விழலைன்னா யூலிமிட் -சி பாரு, பல இடத்துல 0-னுதான் இருக்கும். அன்லிமிடெட் ஆக்கு. சிஸ்டம்டி உள்ள பல மெஷின்ல கோர்டம்ப்சிடிஎல் ஜிடிபி-ன்னு அடிச்சா கடைசியா விழுந்தது நேரா திறக்கும். ரிலீஸ் பண்ணின அதே பைனரியை, -ஜி போட்டு பில்ட் பண்ணி ஸ்ட்ரிப் பண்ணாத காப்பியா, பத்திரமா வச்சிரு. இல்லைன்னா ஜிடிபி-ல வரிசையா கேள்விக்குறிதான் தெரியும். இன்னொண்ணு, மெமரியில இருந்த பாஸ்வேர்டு, டோக்கன் எல்லாமே கோர்ல அப்படியே இருக்கும். டிக்கெட்ல அட்டாச் பண்ணாதே, பேக்ட்ரேஸை மட்டும் ஒட்டு.