புது வருஷத்தில் எருசலேம் பிரயாணம்

"சாகறதுக்குள்ள எருசலேமைப் பார்த்துடணும்" என்பது நம் திருநாவலூர் பக்கத்திலும் புது வருஷத் தீர்மானம்தான். நல்ல ஆசை.

ரோமர் 15:22-28 வாசியுங்கள். பவுலுக்கும் பிரயாண ஆசை உண்டு: ஸ்பானியாவுக்குப் போகணும், வழியில் ரோமாபுரியைப் பார்க்கணும். ஆனால் முதலில் எங்கே போனார்? மக்கெதோனியாவும் அகாயாவும் ஏழைகளுக்குச் சேர்த்த பணத்தைக் கொடுக்க எருசலேமுக்கு! ரோமாபுரிக்கோ காவலில்தான் போய்ச் சேர்ந்தார் (அப்போஸ்தலர் 28:16). ஸ்பானியா போனாரா? வேதம் சொல்லவில்லை.

நமக்கும் வீட்டுக் கடமை முந்தட்டும். எருசலேம் பிரயாணத்துக்குத் தமிழக அரசு மானியம் 2011-12 முதல் உண்டு. அது செலவில் ஒரு பங்குதான். மீதிக்கு வட்டிக்கு வாங்காதீங்க! பிள்ளைகளின் ஸ்கூல் பீஸை எடுத்துவைத்த பிறகு, தபால் ஆபீஸ் ஆர்.டி.யில் போடுங்கள். மாதம் 100 ரூபாயிலும் தொடங்கலாம். 5 வருஷத்தில் முதிரும். பாஸ்போர்ட் பெரியவர்களுக்கு 10 வருஷம் செல்லும், அவசரமில்லை.