காற்று, கதிரொளி, சாணம்: மின்விசை விளையும் விதம்

நெசவாளருக்குத் தறியும் விவசாயிக்குக் கிணற்று மோட்டாரும் ஓட மின்விசை இன்றியமையாதது. 1930-களில் பைகாரா நீர்மின்சாரம் வந்த பின்னரே கோவையில் ஆலைகள் பெருகின. நீரைப் போலவே காற்றும் வெயிலும் சாணமும் விசை தருவன. ஆயினும், ஒவ்வொன்றும் தனக்குரிய இடத்திலும் காலத்திலுமே முழுப்பயன் அளிக்கும். சேமிப்புப் பணத்தை இவற்றில் முடக்குமுன் இவ்வுண்மையை அங்கத்தினர் அறிதல் வேண்டும்.

முதலாவது காற்று. மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலமுள்ள இடைவெளி பாலக்காட்டுக் கணவாய். தென்மேற்குப் பருவக்காற்று அதன் வழியே விரைந்து வந்து உடுமலை, பல்லடம் வட்டாரங்களில் வீசுகிறது. காற்றாலையின் இறக்கைகள் சுழல, அவற்றுடன் இணைந்த ஜெனரேட்டரில் மின்சாரம் பிறக்கிறது. காற்றின் வேகம் இருமடங்கானால் அதிலுள்ள விசை எட்டு மடங்காகும். ஆகவே, இறக்கையின் நீளத்தைவிட, அதனை நிறுவும் இடமே முக்கியமானது.

இரண்டாவது வெயில். சிலிக்கான் தகட்டின் மீது கதிரொளி படும்பொழுது அதனுள் உள்ள மின்னணுக்கள் இயங்கி நேர்மின்னோட்டம் உண்டாகிறது. இதனை மாறுமின்னோட்டமாக மாற்ற இன்வெர்ட்டர் உதவுகிறது. ஒரு கிலோவாட் தகடு நல்ல வெயில் நாளில் சுமார் 4 யூனிட் தரும். இஃது 5 குதிரைத்திறன் மோட்டாருக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரத் தேவையே. இரவில் விளைச்சல் இல்லை. ஆனால், காற்று ஓய்ந்த தை, மாசி மாதங்களிலும் பகலில் விளைச்சல் உண்டு.

மூன்றாவது சாணம். சாணத்தைச் சம அளவு நீரில் கரைத்துக் காற்றுப் புகாத தொட்டியில் இட்டால், நுண்ணுயிர்கள் அதிலிருந்து மீத்தேன் மிகுந்த எரிவாயுவை உண்டாக்கும். 25 கிலோ சாணத்திலிருந்து சுமார் ஒரு கனமீட்டர் வாயு கிடைக்கும். அடுப்பெரிக்க இது ஏற்றது. எஞ்சிய குழம்பு வயலுக்கு நல்ல உரம். ஆகவே, சாணம் எரிபொருளானாலும் எரு வீணாவதில்லை.

தனியொருவருக்குக் காற்றாலையின் விலை எட்டாதது. இதற்கு மேட்டுப்பாளையத்தை அடுத்த ஓடந்துறை ஊராட்சி வழிகாட்டியது. 2006-ஆம் ஆண்டில், சுமார் ஒன்றரைக் கோடி ரூபாய் செலவில், தன் சேமிப்பையும் வங்கிக் கடனையும் கொண்டு 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை அது வாங்கிற்று. அதனைத் தன் ஊரில் நிறுவவில்லை. நல்ல காற்று வீசும் உடுமலைப் பக்கத்து மைவாடியில் நிறுவிற்று. அங்கு விளையும் மின்சாரம் மின்வாரியக் கம்பி வழியே கணக்கில் சேர்ந்து, குடிநீர் மோட்டாருக்கும் தெருவிளக்கிற்கும் ஈடாயிற்று. உபரி மின்சாரம் வாரியத்துக்கு விற்கப்பட்டது.

இதன் படிப்பினை தெளிவு. முதலில் இடத்தையும் பருவத்தையும் தேவையையும் கணக்கிடுக. அதன் பின்னரே யந்திரத்தை விலை பேசுக. கணக்கு நேரானால், தனித்து எட்டாததைக் கூடி எட்டலாம்.