மூச்சு வாங்காத நடை

ஜிம்மில் டிரெட்மில்லின் முகப்பில் ‘ஃபேட் பர்ன்’ என்று ஒரு பட்டன் இருக்கும். அதை அழுத்தினால் மெஷின் பறக்கும் என்று எதிர்பார்ப்போம். பெரும்பாலும் நிதானமாகத்தான் ஓடும். பணம் கட்டிச் சேர்ந்தவர்களுக்கு இது பெரிய ஏமாற்றம். பக்கத்தில் கல்லூரிப் பையன் வியர்வை சொட்ட ஓடிக்கொண்டிருக்கையில், நாம் மட்டும் பிராகாரம் சுற்றுவதுபோல் நடந்தால் என்ன கரைந்துவிடப் போகிறது? ஆனால் பல வருஷம் நாற்காலியிலேயே கழித்த, எடை கூடிய உடம்புக்குக் கொழுப்பு அதிகம் எரிவது அந்த நிதான நடையில்தான். என் உடம்பில் பார்த்ததையும், அது ஏன் என்று தேடிப் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

நான் கோவையில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறவள். செப்டம்பர் வந்துவிட்டால் மதியச் சாப்பாடுகூட கம்ப்யூட்டர் முன்னால்தான். நடக்கத் தொடங்கியபோது வயது 46, உயரம் 156 செ.மீ., எடை 74 கிலோ. பி.எம்.ஐ. 30-ஐத் தொட்டிருந்தது. மேலைநாட்டுக் கணக்கில் அது பருமனின் வாசல். நம் மருத்துவர்கள் இந்தியர்களுக்கு 23-லேயே எடை அதிகம் என்கிறார்கள், 25 என்றால் பருமன். இந்தக் கண்டிப்புக்குக் காரணம் உண்டு. புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் ஜான் யுட்கினும் அருகருகே நிற்கும் படம் ஒன்று 2004-இல் ‘லான்செட்’ இதழில் வந்தது. இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3. ஆனால் உடம்பில் இருந்த கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. ஒல்லியாகத்தானே இருக்கிறேன் என்று நம்மில் பலர் ஏமாறுவது இங்கேதான்.

எனக்கு வேகத்தைச் சொல்லிக்கொடுத்தது பிசியோதெரபி படித்த தங்கை மகள். ரேஸ் கோர்ஸ் நடைபாதைக்குக் கூடவே வந்தாள்.

“பெரீம்மா, எங்கிட்டப் பேசிக்கிட்டே நடங்க. பேச முடியோணும், ஆனா பாட முடியக் கூடாது. அதுதான் உங்க ஸ்பீடு.”

“இந்த நடைக்கு எதுக்கு கண்ணு இத்தனை வெலையில ஷூ?” என்றேன்.

அவள் சிரித்தாள், ஷூ முழங்காலுக்காம். அவள் சொன்ன இந்தப் பேச்சுச் சோதனைக்குக் கைக்கடிகாரம் தேவையில்லை. கடிகாரம் காட்டும் இதயத் துடிப்பு ‘ஜோன்’ எல்லாம் 220-இலிருந்து வயதைக் கழித்துப் போடும் சராசரிக் கணக்கு, ஆளுக்கு ஆள் பத்துப் பன்னிரண்டு துடிப்பு முன்பின் இருக்கும். ரத்த அழுத்தத்துக்கு மெட்டோப்ரோலால், அடெனோலால் மாதிரி மாத்திரை எடுப்பவர்களுக்குத் துடிப்பு அவ்வளவாக ஏறாது. கடிகாரத்தை நம்பி வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனால் ஆபத்து. மூச்சை நம்புங்கள்.

உள்ளே நடப்பது இதுதான். நாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் உடம்பு கொஞ்சம் கொழுப்பை எரித்துக்கொண்டுதான் இருக்கிறது. நடக்கத் தொடங்கியதும் இன்சுலின் இறங்கி அட்ரினலின் சற்றே ஏறுகிறது. கொழுப்புச் செல்களிலிருந்து கொழுப்பு அமிலங்கள் ரத்தத்தில் இறங்கித் தசைக்கு வருகின்றன. தசைச் செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவில் ஆக்சிஜனோடு சேர்ந்து எரிகின்றன. இந்த வேலைக்கு நேரம் பிடிக்கும். வேகம் கூடி மூச்சு வாங்க ஆரம்பித்தால் தசைக்கு உடனடியாக எரிபொருள் வேண்டும். தன்னிடமே சேர்த்து வைத்திருக்கும் கிளைகோஜனை, அதாவது மாவுச்சத்தை, எடுத்துக்கொள்கிறது. கொழுப்பின் பங்கு சுருங்கிவிடுகிறது. கொழுப்பு உச்சமாக எரியும் வேகம் நல்ல பயிற்சி உள்ளவருக்கு அவருடைய முழுத் திறனில் 60 சதவீதத்துக்கு மேலேகூட இருக்கும். பயிற்சியே இல்லாத, பருத்த உடம்பில் அது 40, 50 சதவீதத்திலேயே வந்துவிடும். அந்தக் கல்லூரிப் பையனுக்கு ஓட்டம் எப்படியோ, என் உடம்புக்கு இந்த நடை அப்படி.

கணக்கெழுதுகிறவள் ஆயிற்றே, இதையும் பேரேட்டில் போட்டுப் பார்த்தேன். என் எடைக்கு அரை மணி நேர நடையில் சுமார் 130 கலோரி செலவாகும். அதில் பாதி கொழுப்பிலிருந்து வந்தால் ஏழு கிராம் கொழுப்பு. இரண்டு டீஸ்பூன் எண்ணெய்கூடத் தேறாது. ஒரு கிலோ உடல் கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி அடங்கியிருக்கிறது. நடந்து முடித்துப் பேக்கரியில் டீயும் ஒரு பஃப்ஸும் சாப்பிட்டால் அன்றைய வரவு செலவு நஷ்டத்தில்தான் முடியும். சாப்பாட்டில் கை வைக்காமல் நடை மட்டும் என்றால், பல மாதம் கழித்தும் இரண்டு மூன்று கிலோ குறைவதே அதிகம். விளம்பரங்கள் இதைச் சொல்லாது. நான் இரவுச் சாப்பாட்டில் சோற்றைப் பாதியாக்கி, பொரியலையும் பருப்பையும் கூட்டினேன், அவ்வளவுதான்.

பிறகு ஏன் நடக்க வேண்டும்? தசை மாறுகிறது, அதனால்தான். 1967-இல் செயிண்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஜான் ஹாலோசி எலிகளை டிரெட்மில்லில் ஓடப் பழக்கி, அவற்றின் தசையை எடுத்துப் பார்த்தார். மைட்டோகாண்ட்ரியாவின் எரிக்கும் திறன் ஏறக்குறைய இரண்டு மடங்காகியிருந்தது. மனிதத் தசையிலும் இந்த மாற்றம் உண்டு என்பது பின்னால் உறுதியானது. கூடவே தசையைச் சுற்றி நுண்ணிய ரத்தக் குழாய்களும் பெருகுகின்றன. பழகாத உடம்பு நிமிடத்துக்குக் கால் கிராம் அளவுக்குக் கொழுப்பை எரித்தால், நன்றாகப் பழகியது அரை கிராமும் அதற்கு மேலும் எரிக்கும். எனக்கு இது தெரிந்த விதம் வேறு: ரேஸ் கோர்ஸின் இரண்டரை கிலோமீட்டர் சுற்றை அதே பேச்சு, அதே மூச்சோடு சீக்கிரம் முடிக்க ஆரம்பித்திருந்தேன். தங்கை மகள்தான் பின்னால் வந்துகொண்டிருந்தாள்.

எரிந்த கொழுப்பு எங்கே போகிறது என்று கேட்டால் பலர் வியர்வை என்பார்கள், சூடு என்பார்கள். 2014-இல் ஆஸ்திரேலியாவின் ரூபன் மீர்மேனும் ஆண்ட்ரூ பிரௌனும் இதற்குக் கணக்குப் போட்டுக் காட்டினார்கள்: 10 கிலோ கொழுப்பு எரிந்தால் 8.4 கிலோ கார்பன் டை ஆக்சைடாக மூச்சில் வெளியேறும், மீதி 1.6 கிலோ தண்ணீராகும். இதைப் படித்த பிறகு, வயிற்றில் கட்டும் வியர்வை பெல்ட்டைப் பற்றி நான் யாரிடமும் வாதாடுவதில்லை. நடைபாதை வாசலில் விற்கும் அருகம்புல் சாறு குடித்தால் குடியுங்கள், கொழுப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வயிற்றுக்கு மட்டும் பயிற்சி செய்து வயிற்றுக் கொழுப்பை மட்டும் கரைப்பதும் நடக்காது.

ஆனால் வயிறு குறையும். தொடர்ந்து பயிற்சி செய்பவர்களுக்குக் குடலைச் சுற்றியும் கல்லீரலிலும் சேர்ந்த கொழுப்பு, எடை மெஷின் முள் அசையாதபோதும் குறைகிறது. அதனால் தையல்காரரின் இஞ்ச் டேப் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நம் பெண்களுக்கு 80 செ.மீ., ஆண்களுக்கு 90 செ.மீ. இடுப்பளவு எல்லைக்கோடு. ஒரு வருஷத்தில் எனக்குக் குறைந்தது நாலு கிலோதான். இடுப்பு 96-லிருந்து 89-க்கு வந்தது; இன்னும் எல்லைக்கு வெளியேதான் நிற்கிறேன். “நாலு கிலோவுக்கா இத்தனை நடை?” என்று அலுவலகத்தில் கேட்கிறார்கள். ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலில் இறங்கும் சுமை நாலு கிலோ குறையும் என்று மூட்டு வலிக்காரர்களிடம் செய்த ஓர் ஆய்வு சொல்கிறது. என் முழங்காலும் அதையேதான் சொல்கிறது.

நடையோடு நின்றுவிட வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்னது வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, அதோடு இரண்டு நாளாவது தசைப் பயிற்சி. இரண்டாவதை நம் பெண்கள் காதிலேயே வாங்குவதில்லை. நாற்காலியில் கையூன்றாமல் உட்கார்ந்து எழுவது, சுவரில் கைவைத்துத் தள்ளுவது, ஐந்து லிட்டர் கேனைத் தூக்கி நடப்பது, வீட்டிலேயே முடியும். இளைக்கும்போது கொழுப்போடு தசையும் போய்விடாமல் காப்பது இதுதான். வேக நடையையும் மெதுநடையையும் மாற்றி மாற்றிச் செய்வதற்கு நான் சில மாதம் கழித்துத்தான் வந்தேன். நேரம் மிச்சம்; ஒரே சீரான பயிற்சியோடு இதை ஒப்பிட்ட ஆய்வுகளில் உடல் கொழுப்பு இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவுதான் குறைந்திருக்கிறது.

மீதி நேரம் முழுக்க உட்கார்ந்தே இருந்தாலும் சிக்கல்தான். ஜெர்ரி மாரிஸ் 1953-இல் லண்டன் மாடி பஸ்களை வைத்து ஓர் ஆய்வு வெளியிட்டார். உட்கார்ந்து ஓட்டிய டிரைவர்களைவிட, நாளெல்லாம் படியேறி இறங்கிய கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு. நான் போன் வந்தால் எழுந்துவிடுகிறேன். ஃபைல் எடுக்க ஆபீஸ் பையனைக் கூப்பிடுவதில்லை.

காலையில் வெறும் வயிற்றில் நடக்கலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். அந்த நேரத்தில் கொழுப்பு சற்றுக் கூடுதலாக எரிவது உண்மை. நாள் முழுக்கச் சேர்த்துப் பார்த்தால் சமன் ஆகிவிடும். உங்களுக்கு எப்போது வசதியோ அப்போது நடங்கள். சர்க்கரைக்கு இன்சுலினோ கிளிமெபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்கள் மட்டும் வெறும் வயிற்றில் கிளம்பக் கூடாது. மருத்துவரிடம் மாத்திரை நேரத்தைக் கேட்டு வைத்துக்கொண்டு, சட்டைப் பையில் குளுக்கோஸ் பொடியோ சர்க்கரைப் பொட்டலமோ போட்டுக்கொள்ளுங்கள். கை நடுங்கினாலோ திடீரென்று வியர்த்தாலோ அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டுவிட வேண்டும். நெஞ்சில் இறுக்கம், இடது கையிலோ தாடையிலோ வலி என்றால் சுற்றை முடித்துவிட்டுப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள், பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிட்டு 108-க்குப் போன் செய்யச் சொல்லுங்கள்.