சூடு இல்லாத இயந்திரத்தில் வினைல் லாமினேஷன்

கடைப் பலகை, கண்ணாடி ஸ்டிக்கர் அச்சிடும் சிறு தொழிலில் இறங்கும் நம் பிள்ளைகள் முதலில் வாங்குவது பெரும்பாலும் கையால் சுற்றும் அல்லது மோட்டார் மட்டும் உள்ள கோல்டு லாமினேஷன் இயந்திரம். மேல் ரோலர் சூடாகும் வகைக்கு விலை கூடுதல். சூடு இல்லாமலும் யு.வி. அச்சை நன்றாக லாமினேட் செய்யலாம். எங்கே சிக்கல் வருகிறது என்று தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சால்வென்ட் மை வினைலுக்குள் ஊறிப் பிடிக்கும். அது காய ஒரு நாள் வேண்டும். யு.வி. மை அப்படியல்ல, புற ஊதாக் கதிர் பட்ட நொடியிலேயே இறுகி, வினைலின் மேல் மேடாக நின்றுவிடும். விரலால் தடவினாலே சொரசொரப்புத் தெரியும். மேலே ஒட்டும் படலம் அந்த மேடுகளின் உச்சியை மட்டும் தொட்டு, பள்ளங்களைத் தாண்டிப் போய்விடுகிறது. பள்ளத்தில் சிக்கிய காற்றுதான் வெள்ளைப் பூச்சாகத் தெரிகிறது. கடைகளில் இதை 'சில்வரிங்' என்பார்கள். கறுப்பு, கருநீலப் பரப்பில் இது பளிச்சென்று காட்டிக்கொடுக்கும். வெளிர் நிறத்தில் கண்ணுக்கே படாது.

ரோலர் சூடு 40, 50 டிகிரி அளவில் பசையை இளக்கி, பள்ளத்துக்குள் இறங்கச் செய்கிறது. சூடு இல்லாதபோது அந்த வேலையைப் பசையின் கனமும் அழுத்தமும் நேரமும் செய்ய வேண்டும். ஆகவே, யு.வி. மைக்கென்றே விற்கும், பசை கனமான படலத்தைக் கேட்டு வாங்குங்கள். மலிவுப் படலத்தில் மிச்சம் பிடிக்கும் பணம் ஒரு பலகை திரும்பி வந்தால் போய்விடும். மேட் படலம் குறையை ஓரளவு மறைக்கும், கிளாஸ் மறைக்காது.

டில்லிக் குளிரை மறக்கக் கூடாது. ஜனவரிக் காலையில் வெப்பம் 10 டிகிரிக்கும் கீழே இறங்கும்போது பசை விறைத்துப் போகும். படலச் சுருளையும் அச்சையும் முந்தின இரவே சுமார் 25 டிகிரி உள்ள அறையில் வைத்திருந்து, மதியத்துக்கு மேல் ஓட்டுவது நல்லது. ஹாட் கன்னால் ரோலரைச் சூடாக்கும் யோசனை வேண்டவே வேண்டாம். ஒரு பக்கம் வினைல் இழுபடும், ரப்பரும் கெடும்.

அழுத்தம் சமமாக உள்ளதா என்று பார்க்க, ஒரே அளவு காகிதத் துண்டுகளை இரு ஓரத்திலும் நடுவிலும் ரோலரில் கவ்வவிட்டு இழுத்துப் பாருங்கள். மூன்றும் ஒரே இறுக்கத்தில் இருக்க வேண்டும். திருகை அளவுக்கு மீறி முறுக்கினால் சிறு இயந்திரங்களில் ரோலர் லேசாக வளைந்து, நடுப்பகுதி அழுத்தம் இழக்கும். மெதுவாக ஓட்டுங்கள், நடுவில் நிறுத்தினால் அந்த இடத்தில் கோடு விழும். படலத்தை இழுத்துப் பிடித்து ஒட்டினால் பிறகு அது சுருங்கி ஓரம் சுருண்டுகொள்ளும்.

தொடங்குமுன் அச்சின் ஓரத்தில் ஒரு டேப்பை ஒட்டி, வெடுக்கென்று பிரித்துப் பாருங்கள். மை கூடவே வந்தால் அது வினைலில் சரியாகப் பிடிக்கவில்லை என்று பொருள். லாமினேஷன் அதைக் காப்பாற்றாது.

ஒட்டி முடித்ததும் வெள்ளை தெரிந்தால் பிரிக்காதீர்கள். பசை மெல்ல இறங்குவதால் ஒன்றிரண்டு நாளில் கணிசமாகக் குறையும். வாடிக்கையாளரிடம் ஒரு நாள் சேர்த்தே தவணை சொல்லிவிடுங்கள். தூரத்தில் பார்க்கும் பலகைக்கு மிச்சமுள்ள வெள்ளை பொருட்டல்ல. கண்ணெதிரே நிற்கும் கறுப்புக் கண்ணாடி ஸ்டிக்கருக்கு மட்டும், சூடு ரோலர் உள்ள கடையில் கூலிக்கு ஓட்டி வாங்குவதே மேல். ஓரம் வெட்டும் வேலையை எப்போதும் மறுநாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.