முதுகு வளைவு கூடுமா? எச்சில் சொல்லுமா?



யூனிஃபார்ம் தைக்க அளவெடுத்த டெய்லர் அக்காதான் முதல்ல கவனிச்சாங்க, என் தங்கச்சிக்கு ஒரு தோள் ஏறியிருந்ததை. எக்ஸ்ரேயில் முதுகெலும்பு பக்கவாட்டில் 18 டிகிரி வளைந்திருந்தது. 10 டிகிரியைத் தொட்டாலே ஸ்கோலியோசிஸ். நூறு பிள்ளைகளில் இரண்டு மூன்று பேருக்கு இருக்குமாம். புத்தகப்பை தூக்கியதால் வருவதில்லை. (பாட்டி இன்னும் நம்பவில்லை!)

"ஆறு மாசம் கழிச்சு மறுபடி எக்ஸ்ரே எடுப்போம்" என்றார் டாக்டர். "கூடுமா கூடாதான்னு இப்பவே சொல்ற டெஸ்ட் இல்லையா?" என்று அம்மா கேட்டாங்க. அதற்குப் பதில் தேடியபோது கிடைத்ததை எழுதுகிறேன்.

பெரும்பாலான வளைவுகள் சிறிதாகவே நின்றுவிடும். சில, வளரும் வயதில் 50 டிகிரி வரை போய் ஆபரேஷனில் முடியும். நடுத்தர வளைவுக்கு பிரேஸ் என்ற இறுக்கமான கவசத்தைத் தினமும் பல மணி நேரம் போடணும். 2013இல் வெளிவந்த அமெரிக்க, கனடா ஆய்வில் பிரேஸ் போட்டவர்களில் 72 சதவீதம் பேர் 50 டிகிரிக்குள் தப்பினார்கள். போடாதவர்களிலும் 48 சதவீதம் பேர் தப்பினார்கள்! அதாவது பலர் தேவையில்லாமலே அதைச் சுமக்கிறார்கள். யாருக்குத் தேவை என்று முன்கூட்டியே தெரிந்தால் எவ்வளவு நல்லது?

அதற்காக 2009இல் அமெரிக்காவில் 'ஸ்கோலிஸ்கோர்' வந்தது. குழாயில் எச்சில் துப்பினால் போதுமாக இருந்தது. டி.என்.ஏ.வில் 53 இடங்களைப் பார்த்து 1 முதல் 200 வரை மார்க் போட்டார்கள். இதில் மார்க் குறைந்தால்தான் சந்தோஷம். ஆனால் 9 முதல் 13 வயது வெள்ளையர் பிள்ளைகளுக்கு மட்டும்தான். நம்மைக் கணக்கிலேயே எடுக்கவில்லை.

2013இல் ஜப்பானியர்கள் தங்கள் நோயாளிகளிடம் சோதித்தார்கள். அந்த 53 இடங்களுக்கும் வளைவு கூடுவதற்கும் தொடர்பே தெரியவில்லை. 2015இல் பிரெஞ்சு-கனடியர்களிடமும் பலிக்கவில்லை. அவர்களும் ஐரோப்பிய வம்சம்தானே!

ஏன் இப்படி? மெண்டலின் பட்டாணி உயரம் போல ஒரே ஜீன் முடிவு செய்கிற விஷயமில்லை இது. பல ஜீன்கள், ஒவ்வொன்றுக்கும் சின்னப் பங்கு. 2011இல் ஜப்பானில் எல்.பி.எக்ஸ்.1 என்ற ஜீனின் அருகே ஒரு தொடர்பு கிடைத்தது. வேறு இனத்தவரிடமும் அது உறுதியானது. ஆனால் அது வளைவு வருவதோடு தொடர்புடையது. வந்தது கூடுமா என்பது வேறு கேள்வி. பயாலஜி பாடத்தில் இந்த வித்தியாசம் எனக்குத் தோன்றியதே இல்லை.

ஆகவே டாக்டர் பார்ப்பது வளைவின் அளவு, வயது, இன்னும் எவ்வளவு வளர்ச்சி பாக்கி என்பவைதான். பெண் பிள்ளைகளுக்குக் கூடும் வாய்ப்பு அதிகம்.

"துப்பினா முடிஞ்சிருக்குமேடா அண்ணா!" என்றாள் தங்கச்சி. வேகமாக உயரும் காலத்தில்தான் வளைவும் கூடுமாம். அதனால் கதவு நிலையில் மாசாமாசம் அவள் உயரத்தைப் பென்சிலால் கோடு போடுகிறேன். இப்போது 146 செ.மீ. அடுத்த எக்ஸ்ரே தை மாசம்.